துடைப்பம் வீட்டுக்குத்தான்

(பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. விடுதலைப் பயணம் 32:7-11, 13-14, 1 திமொத்தேயு 1:12-17, லூக்கா 15:1-32)



இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் என்று ஒரு சிற்றூர். 1992 நவம்பரில் அங்கே ஒரு குத்தகை விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ் என்பவருக்குப் பணி ஓய்வின்போது ஒரு மெட்டல் டிடெக்டர் அன்பளிப்பாகக் கிடைத்திருந்தது. சுத்தியலைத் தேடித் தரலாம் என்று அதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கருவி ஓரிடத்தில் விடாமல் ஒலித்தது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள். கொஞ்சம் வெளியே எடுத்ததுமே, இது தன் மண்வெட்டிக்கு உரிய வேலை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார். காவல்துறைக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரரான மாவட்ட மன்றத்துக்கும் தகவல் போயிற்று. மறுநாளே தொல்லியல் ஆய்வாளர்கள் வந்து, எது எங்கே கிடந்ததோ அதை அப்படியே குறித்துக்கொண்டு எடுத்தார்கள்.

காசுகள் மட்டும் ஏறக்குறைய 15,000. அவற்றில் 14,000-க்கும் மேற்பட்டவை வெள்ளி. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு விலகிக்கொண்டிருந்த கலக்கமான நாட்களில், வசதியான ஒரு குடும்பம் மரப்பெட்டியில் வைத்துப் புதைத்த சொத்து. மரம் எப்போதோ மக்கிவிட்டது. ஆனாலும் பெட்டிக்குள் பெட்டியாக எப்படி அடுக்கினார்கள், எதைச் சுற்றி வைக்கோல் திணித்தார்கள் என்பதுவரை இன்று தெரியும். எரிக் லாஸ் அன்றே எல்லாவற்றையும் வாரியிருந்தால் வெள்ளி கிடைத்திருக்கும், அந்தப் பெட்டியின் கதை கிடைத்திருக்காது. தொலைந்த சுத்தியலும் பிறகு அகப்பட்டது. அதையும் புதையலோடு சேர்த்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

புதையலில் மிளகு தூவுகிற வெள்ளிச் சிமிழ்கள் நான்கு உண்டு. அந்தக் காலத்தில் ரோமானியர் பந்திக்கு மிளகு போனது நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான். கரண்டிகள் சிலவற்றில் கிறிஸ்துவின் பெயர்க்குறி பொறித்திருக்கிறது. ஆக, மிளகாலும் ஞானஸ்நானத்தாலும் அந்தக் குடும்பம் நமக்குத் தூரத்து உறவு.

இன்றைய நற்செய்தியில் வரும் பெண்ணிடம் கருவி இல்லை. விளக்கும் துடைப்பமும் இருந்தன. கப்பர்நாகூமில் அகழ்ந்து கண்ட அக்கால வீடுகள் கருங்கல் வீடுகள். வெளிச்சம் குறைவு, தரையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு. கறுத்த தரையில் கறுத்துப்போன வெள்ளிக்காசு கண்ணில் படாது. பெருக்கும்போது கல்லில் உரசி அது எழுப்பும் ஓசையைத்தான் அவள் காத்திருந்து கேட்டிருக்க வேண்டும்.

மெட்டல் டிடெக்டர் பிடித்து நடப்பவர்களுக்கும் காதுதான் கண். கருவியின் வளையம் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழுந்து பதில் வருகிறது. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி, அதனால் அதன் பதில் உயர்ந்த தெளிந்த தொனியில் இருக்கும். இரும்பாணி கரகரக்கும். ஆனால் பாதி மக்கிய புட்டி மூடியும், யாரோ குடித்துவிட்டு எறிந்த டின்னின் வளையமும் நல்ல காசைப் போலவே பாடி ஏமாற்றும். நாள் முழுக்க நடந்து பை நிறையக் குப்பையோடு வீடு திரும்புவதே இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். பழகியவர்கள் ஒன்று சொல்வார்கள்: குப்பையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் குனியாமல் போனால் வெள்ளியையும் தாண்டிப் போவோம். பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்தது எதைப் பற்றி? வரிதண்டுவோர் பக்கமாக இயேசு குனிந்ததைப் பற்றி.

இதில் ஒரு வேறுபாட்டையும் கவனியுங்கள். புதையல் தேடுகிறவர் தனக்குச் சொந்தமில்லாததைத் தேடுகிறார். ஹாக்ஸன் புதையலைப் பதினேழரை லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். அந்த வெகுமதியை எரிக் லாஸ், சட்டம் கேட்காமலே, விவசாயி நண்பரோடு பகிர்ந்துகொண்டார். நல்ல மனிதர். (நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது: மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது பானை தட்டுப்பட்டால் நகைக்கடைப் பக்கம் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.) நற்செய்திப் பெண்ணின் காசோ தொலைந்து கிடந்த நேரத்திலும் அவளுடையதுதான். கண்டுபிடித்ததால் அது அவளுக்குச் சொந்தமாகவில்லை. சொந்தமாக இருந்ததால் தேடினாள். ஒரு திராக்மா என்பது ஏறத்தாழ ஒரு நாள் கூலி, அவ்வளவுதான். கடவுளைப் புதையல் வேட்டைக்காரராக எண்ணிக்கொண்டு, நம்மிடம் ஏதோ விலைமதிப்பு இருப்பதால்தான் வருகிறார் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு நாள் கூலி இடறலாக இருக்கும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். காசு கிடைத்துவிட்டது. அடுத்து என்ன?

வெள்ளி மண்ணில் கிடந்தால் கந்தகம் பட்டுக் கறுக்கும். உப்புப் பட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். உறுதிக்காகச் சேர்த்திருந்த செம்பு கசிந்து வெளியே வந்து பச்சையாகப் படியும். பல நூறு ஆண்டு கிடந்த வெள்ளி சில வேளை உள்ளுக்குள்ளேயே பலம் இழந்து, வளைத்தால் பிஸ்கட்டைப் போல ஒடியும். வீட்டில் கொலுசைப் பற்பசை போட்டுத் தேய்க்கிறோம், அது தினமும் காலில் புரளும் வெள்ளி, தாங்கும். மண்ணிலிருந்து வந்த காசு தாங்காது.

ஆனால் கண்டெடுத்தவரின் கை சும்மா இருக்காது. வயலில் நின்றபடியே கட்டைவிரலால் தேய்ப்பார்கள். யாருடைய தலை, எந்த ஆண்டு, என்ன விலை போகும் என்று உடனே தெரிந்தாக வேண்டும். விரலுக்கும் காசுக்கும் நடுவே இருப்பது மணல், மணல் வெள்ளியைவிடக் கடினமானது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மண் செய்யாத சேதத்தை அரை நிமிடத்தில் ஒரு கட்டைவிரல் செய்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பார்கள், சமையல் சோடாவையும் அலுமினியத் தாளையும் போட்டுக் காய்ச்சுவார்கள், கம்பித் தூரிகையால் உரசுவார்கள். காசு பளபளவென்று வரும். எழுத்தின் விளிம்பு போயிருக்கும், முகத்தின் மூக்கு மழுங்கியிருக்கும். காசு சேகரிப்பவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது லூக்கா 15ஐ மறுபடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பெண் விளக்கு ஏற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கவனமாகத் தேடினாள், கண்டாள், தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்தாள். காசைக் கழுவியதாக எங்காவது இருக்கிறதா? பெருக்கியது வீட்டைத்தான். ஆயர் ஆட்டைக் குளிப்பாட்டிவிட்டுத் தோளில் போடவில்லை, முள்ளும் சேறுமாக அப்படியே போட்டுக்கொண்டார். பன்றித் தொழுவத்திலிருந்து நேரே வந்து நிற்கிற பிள்ளையிடம், "முதலில் கிணற்றடிக்குப் போ" என்று அப்பா சொல்லவில்லை. கட்டிப்பிடித்து முத்தமிட்டார். நாற்றத்தின் மேலேயே முதல் தரமான ஆடை ஏறியது.

அண்ணன்தான் தேய்க்கிறான். தம்பி தாறுமாறாக வாழ்ந்து சொத்தை அழித்தான் என்பதோடு கதை நிறுத்திக்கொண்டது. விலைமகளிரோடு சேர்ந்து அழித்தான் என்கிற விவரத்தைச் சொல்வது அண்ணன். இவனுக்கு அது எப்படித் தெரியும்? தூர நாட்டுக்குப் போனவனா? கட்டைவிரல் போட்டுத் தேய்த்தால் ஏதாவது ஒரு முகம் தெரியத்தான் செய்யும்.

நம் பங்குகளில் இந்தக் கட்டைவிரலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல வருடம் கழித்து ஒருவர் கோயிலுக்குள் வருகிறார். பூசை முடிந்து செருப்பை மாட்டுவதற்குள் நாலு பேர் சுற்றிக்கொள்கிறார்கள். "எங்கப்பா ஆளையே காணோம்?" "அந்தப் பொண்ணு கூடத்தான் இன்னும் இருக்கியா?" "குடியை விட்டாச்சா?" எல்லாம் அன்போடு கேட்பதுதான், நான் மறுக்கவில்லை. அன்பில் மணலும் ஒட்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அவர் வருவதில்லை. "வந்தான், நிலைக்கவில்லை" என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

2014இல் ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில் வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்று கிடைத்தது. சபைக்குச் சொந்தமான நிலத்தில்தான், அன்று கூடத் தேடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சபைப் போதகர். (நானும் ஒரு கருவி வாங்கலாமா என்று யோசித்ததுண்டு. ஆயர் இல்லம் என்ன சொல்லுமோ!) அதில் மூடியோடு கூடிய ஒரு வெள்ளிப் பாத்திரம். வெளியே அழுக்கும் களிம்புமாக, இழை இழையாகப் பிய்ந்து ஏதோ ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்திருந்தால் அற்புதமான பாத்திரம் உடனே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். சுரண்டவில்லை. அந்த இழைகள் பாத்திரத்தைச் சுற்றியிருந்த துணி. சாதாரணமாக மண்ணில் துணி சீக்கிரம் மக்கிவிடும். உலோகம் கசிந்த களிம்பே இந்தத் துணியைப் பிடித்து வைத்திருந்தது. வெள்ளியின் அழகைப் பார்க்க எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். துணிக்கு அடியில் சிறுத்தைகளும் புலிகளும் நெருப்புப் பீடமும் தெரிந்தன. பாத்திரம் பாரசீகப் பக்கத்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போயிருக்கிறது. துணி அதன் மேலேயே இருக்கிறது.

காய்ச்சலில் விழுந்த பிள்ளைக்காக யாரோ கூப்பிட்டார்கள் என்று பெந்தகோஸ்து ஜெபக்கூடத்துக்குப் போய், அங்கேயே பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிற ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கண்ணை மூடிக் கை உயர்த்தி, உதடு அசைய ஜெபிக்கிறார். பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "அதையெல்லாம் விட்டுட்டு வரணும்." நாம் அழுக்கு என்று சுரண்டப் பார்ப்பது, நம்மில் ஒருவரும் எட்டிப் பார்க்காத பத்து வருடம் அவரைச் சுற்றிக் காத்த துணி. சாதி மாறி மணம் முடித்துப் போனவள் இடுப்பில் குழந்தையோடு வருகிறாள் என்றால் அந்தக் குழந்தையும் அப்படித்தான்.

"அப்படியானால் பாவத்தை அப்படியே விட்டுவிடலாமா, சாமி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

விட முடியாது. செம்பு கலந்த காசில் ஒருவகை உப்பு தங்கிவிட்டால், மண்ணிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்த பிறகும் உள்ளிருந்து தின்றுகொண்டே இருக்கும். வெளிறிய பச்சை மாவாகப் பூக்கும். அதைக் கவனிக்காவிட்டால் காசு மிஞ்சாது. குடியும் வட்டித் தொழிலும் வீட்டுக்குள் ஓங்குகிற கையும் அந்த உப்பு. அவற்றைக் களிம்பின் அழகு என்று நான் கொஞ்சப் போவதில்லை. ஆனால் யார், எதைக் கொண்டு, எத்தனை வேகத்தில் எடுப்பது?

2009இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் பொன்னையும் வெள்ளியையும் துப்புரவாக்கியவர்கள், உலோகக் கருவி கீறிவிடும் என்று செடியின் முள்ளை எடுத்துக்கொண்டார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முள்முனையால் மண்ணைத் துகள் துகளாகத் தள்ளினார்கள். ஜெர்சித் தீவில் இரண்டு பேர், ஒரு பழைய வாய்வழிச் செய்தியை நம்பி, அறுவடை முடிந்த பிறகு வயல்காரர் அனுமதித்த சில மணி நேரங்களில் மட்டும், முப்பது ஆண்டுகள் தேடினார்கள். 2012இல் கிடைத்தது ஒரு காசு அல்ல. ஏறத்தாழ 70,000 கெல்ட்டியக் காசுகள் களிம்பேறி ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட, முக்கால் டன் கனமுள்ள ஒரே கட்டி. வெள்ளியும் செம்பும் கலந்த காசுகள். அமிலத் தொட்டியில் போட்டுக் கரைத்திருந்தால் ஒரே வாரத்தில் உதிர்ந்திருக்கலாம். ஒவ்வொரு காசும் கிடந்த இடத்தைப் பதிவு செய்துகொண்டு ஒன்றொன்றாகப் பிரித்தார்கள். 2017 தொடக்கத்தில்தான் கடைசிக் காசு பிரிந்தது.

மலாக்கி இறைவாக்கினர் ஆண்டவரை வெள்ளியைப் புடமிடுகிறவராகக் காண்கிறார். அவர் உட்கார்ந்து புடமிடுகிறார். அடுப்பை மூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர் இல்லை. நெருப்பு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒப்புரவு அருட்சாதனத்தில் அருட்பணியாளரின் இருக்கை அதற்குத்தான். எங்களுக்கும் அங்கே சுரண்டுகிற ஆசை வரும். அந்த இடம் சித்திரவதைக் கூடமாகிவிடக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு மடலில் எங்களுக்குத்தான் சொன்னார், உங்களுக்கு இல்லை.

இரண்டாம் வாசகத்தில் பவுல் பேசுவதைக் கேட்டீர்கள். திருத்தூதராகிப் பல ஆண்டுக்குப் பிறகும், நான் பழித்துரைத்தவன், துன்புறுத்தியவன் என்று தன் பழைய கறையைத் தானே காட்டுகிறார். இளைய தலைமுறைக்கு எழுதும்போது தன்னை மெருகேற்றிக் காட்ட அவருக்குத் தோன்றவில்லை. இன்று கேட்ட வாசகங்களில் பளபளப்பானது ஒன்றே ஒன்று, முதல் வாசகத்தின் பொற்கன்று.

ஹாக்ஸன் காசுகளைப் பற்றி இன்னொன்று. அந்த வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஓரத்தை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நடந்தது அது, ஓரத்தை நறுக்கி வெள்ளியைச் சேர்ப்பது. சுற்றிலும் இருந்த எழுத்துப் போய், காசு பாதியாகச் சுருங்கியதும் உண்டு. ஆனால் நறுக்கியவர்கள் எவரும் நடுவில் இருந்த பேரரசரின் முகத்தில் கத்தியை வைக்கவில்லை. முகம் முழுதாக இருக்கிறது. நம்மிடம் வருகிறவர்களையும் பலர் நறுக்கியிருக்கிறார்கள். மாமியார் வீடு கொஞ்சம், கந்துவட்டிக்காரர் கொஞ்சம், மது கொஞ்சம், ஊரின் சாதி கொஞ்சம், சில நேரம் கோயிலும் கொஞ்சம். அளவு குறைந்துதான் வருவார்கள். நடுவில் யாருடைய சாயல் இருக்கிறது என்று தொடக்கநூலின் முதல் அதிகாரமே சொல்லிவிட்டதால், அதைத் தேய்த்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை.

வேளாங்கண்ணித் திருவிழா இப்போதுதான் முடிந்திருக்கிறது. பங்குக் கோயில் படியை மிதிக்காதவர்கள்கூட மாதாவிடம் நடந்தே போவார்கள், அது நம் ஊரின் அழகு. அவர்களில் சிலர் மொட்டைத் தலையும் காவி உடையுமாக இன்று பின்வாசல் பக்கம் நிற்கிறார்கள், இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. திரும்பிப் பார்க்காதீர்கள். கோயில் வரி பாக்கி நோட்டை எடுத்துக்கொண்டு இன்று வாசலில் நிற்க வேண்டாம் என்று பங்குப் பேரவையினரிடம் சொல்லியிருக்கிறேன். பாக்கியைப் பிறகு பேசிக்கொள்ளலாம், நோட்டு எங்கும் போய்விடாது. இளைஞர் மன்றத்தார் பந்தலில் டீயும் சுண்டலும் வைத்திருக்கிறார்கள். முதலில் அவர்களுக்குக் கொடுங்கள், பெயர் கேட்டால் போதும். ஒப்புரவுக்கு விரும்புகிறவர்களுக்காகச் சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து நான் உட்கார்ந்திருப்பேன்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.